இன்னொரு குரலுக்கு இடம்

"கதவு இனிமே இன்னொருத்தர் குரலுக்கும் திறக்கணும்," என்றான் கணவன், மென்று விழுங்கியபடி.

"அதுக்கென்னங்க? தேவை எப்ப மாறும்னு யார் கண்டா. இடம் விட்டுத்தான் புரோகிராம் எழுதினேன்," என்றாள் மனைவி. "யாரு, கல்யாணப் பொண்ணா?"

அவன் தலைகுனிந்தான். "கோபமா?"

"வெந்நீர்கூட வைக்கத் தெரியாத மனுஷன், எத்தனை நாள்தான் தனியா இருப்பீங்க?"

அவன் சுவரிலிருந்த ஸ்பீக்கரைத் தடவினான். அவள் இறந்து வருஷம் ஒன்றாகியும், வீட்டுக்காக அவள் எழுதிய புரோகிராம் அவள் குரலில்தான் பேசியது.

வாசலில் புதியவள், "நான் வந்துட்டேன்," என்றாள். கதவு திறந்தது.

"அவ குரலை நான் இன்னும் பதியவே இல்லையே?"

"நான் போறதுக்கு முன்னாடியே பதிஞ்சிட்டேங்க."

அவன் ஸ்பீக்கர் பக்கம் திரும்பினான். "அவளை நான் பார்த்ததே போன மாசம்தானே?"

"அதனால என்ன? அவளுக்கு அப்புறம் வரப்போறவ குரலையும் பதிஞ்சு வெச்சிருக்கேன்."