கதவுக்கு வெளியே பெர்னிஸ்

பஃபலோ நகரத்தின் அந்த மதுக்கடையில் அத்தனை கண்களும் டிவியில்தான். அமெரிக்கக் கால்பந்தின் நாக் அவுட் ஆட்டம். தோற்றால் இந்த வருடம் அவ்வளவுதான். இருபத்தெட்டு புள்ளி பின்தங்கிக் கிடந்த உள்ளூர் அணிக்கு, பெர்னிஸ் சிகரெட் பிடிக்க வெளியே போன நொடியில் உயிர் வந்தது. அவள் உள்ளே வந்ததும் பந்தைக் கோட்டைவிட்டார்கள். கடையில் இருந்தவர்கள் மறுபடி அவளை வெளியே தள்ளினார்கள், அணிக்கு மறுபடி புள்ளி. அதிலிருந்து கதவுக்குத் தாழ்ப்பாள். காவல் நிற்பவன் அவள் புருஷன் காஸ். அவள் கோட் உள்ளே நாற்காலியில் தொங்குகிறது. கண்ணாடிக்கு அப்பால் அவள் இமைகளில் பனி ஏறிக்கொண்டிருக்கிறது.

“விரல் மரத்துப்போச்சுய்யா, பாவி! திற!”

“புள்ளி சமமாயிடுச்சு, கம்பத்துக்கு நடுவே ஒரே ஒரு உதை பாக்கி, கண்ணு. பொறுத்துக்கோ.”

“திறந்தே, கையை உடைச்சிருவேன்டா காஸ்!” என்கிறது பின்னாலிருந்து ஒரு குரல்.

கண்ணாடியைத் தட்டும் சத்தம் நின்றுபோகிறது. டிவியில் பந்து கம்பங்களுக்கு நடுவே பறக்கிறது. வெற்றி! கூரை அதிர்கிறது. கொட்டிய பியரில் வழுக்கியபடி காஸ் தாழ்ப்பாளை இழுக்கிறான். பெர்னிஸ் அசையவில்லை. உதடுகள் நீலம் பாரித்திருக்கின்றன.

“ஜெயிச்சாச்சு, உள்ள வாடி!”

“கோப்பைக்கு இன்னும் மூணு ஆட்டம் இருக்கே,” என்று சிரிக்கிறாள். பிறகு வெளியிலிருந்து கதவை மெதுவாக இழுத்துச் சாத்துகிறாள்.