முட்டைக்கு ஒரு கொடி

"கையும் களவுமாப் பிடிச்சாச்சு சார். உடனே கிளம்பி வாங்க" என்று போனில் சொல்லிவிட்டு, தையல்கார அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் இறங்கினாள்.

விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கயிறு கட்டிய இடத்துக்குள்ளே அவளுடைய கொழுந்தன் குனிந்து ஒரு சிவப்புக் கொடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

வெயில் காலம் தொடங்கினால் எங்கிருந்தோ ஆலாப் பறவைகள் அந்தக் கரைக்கு வந்துவிடும். கூடு கீடு எதுவும் கட்டாது. வெறும் மணலில் குழி பறித்து முட்டையிடும். போன வருஷம் நடக்க வந்தவர்கள் தெரியாமல் மிதித்தே பாதி முட்டை போயிற்று. அதனால் இம்முறை அக்கா கேட்டு, வனத்துறை சுற்றிலும் கம்பம் நட்டுக் கயிறு கட்டியிருந்தது. இந்த வருஷமும் குஞ்சு சரியாகப் பொரிக்காவிட்டால் கயிற்றை அவிழ்த்துவிட்டு, அந்த இடத்தை வண்டி நிறுத்தக் கொடுத்துவிடுவார்களாம். வனத்துறை ஆபீசர் இதைச் சொன்ன நாளிலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

கயிறு கட்டியும் அவளுக்கு மனசு ஆறவில்லை. கயிற்றைத் தாண்டி யாராவது வந்துவிட்டால்? மிஞ்சிய சிவப்புத் துணியை வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, குழிக்கு ஒன்றாக நாற்பது கொடி நட்டாள். சட்டை அளவு எழுதும் நோட்டிலேயே, முதல் கம்பத்திலிருந்து எந்தக் குழி எத்தனை எட்டு தூரம் என்று குறித்தும் வைத்தாள்.

நாலு நாளாகக் கொடிகள் காணாமல் போய்க்கொண்டிருந்தன.

யார் வேலை என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. கயிறு கட்டியதிலிருந்து கொழுந்தன் தன் படகைச் சுற்று வழியாக இழுக்க வேண்டியிருந்தது. "அண்ணி கரையையே குருவிக்கு எழுதி வச்சுட்டாங்க. எனக்கும் ரெண்டு இறக்கை முளைச்சா இடம் கிடைக்கும்" என்று பார்த்தவர்களிடமெல்லாம் கேலி பேசினான். போன வாரம் கொடியைப் பற்றி ஏதோ சொல்ல வந்தவனை, என் வேலையில் மூக்கை நுழைக்காதே என்று வாசலோடு திருப்பி அனுப்பியிருந்தாள். அதோடு பேச்சு நின்றுவிட்டது.

ஆபீசர் வந்து சேர்ந்தார். கொழுந்தன் ஓடவில்லை. படகுக்குள் பதினெட்டுக் கொடி, குச்சியோடு சுற்றி ஒழுங்காக அடுக்கியிருந்தது.

"சொந்தம்னு பார்க்காதீங்க சார். கூட்டைக் கலைச்சான்னு எழுதுங்க" என்றாள் அக்கா.

ஆபீசர் தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார். பாதியில் நிமிர்ந்து, "நீ எதுவும் சொல்லலையாப்பா?" என்றார்.

"முட்டையை எண்ணிட்டு எழுதுங்க சார். வெயில் ஏறுறதுக்குள்ள எண்ணிடுங்க."

அக்கா நோட்டைப் பிரித்தாள். தலைக்கு மேலே ஆலாக்கள் கத்திக்கொண்டு சுற்றின. கம்பத்திலிருந்து பன்னிரண்டு எட்டு. கொடி பிடுங்கிய இடம். குனிந்து பார்த்தாள்.

மணலோடு மணலாக, புள்ளி புள்ளியாக ரெண்டு முட்டை.

அடுத்த குழியில் மூன்று. கொடி பிடுங்கிய ஐந்து குழி பார்த்தார்கள். ஐந்திலும் முட்டை பத்திரமாக இருந்தது.

அவளுக்கு உயிர் வந்தது. கொடி நிற்கிற குழிக்குப் போனாள்.

காலி. ஓட்டுத் துண்டுகள் மட்டும் கிடந்தன. பக்கத்துக் கொடியின் கீழும் காலி. அதற்கடுத்ததும் காலி. சுற்றிலும் மணலில் மூன்று விரலும் பின்னால் ஒன்றுமாகக் கால் தடங்கள்.

"ஆலா கால் இல்லையே இது..." என்றார் ஆபீசர்.

கொழுந்தன் மோவாயால் காட்டினான். தூரத்தில் ஒரு சிவப்புக் கொடி. அதன் குச்சியில் ஒரு காக்காய் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, நேராகக் கீழே பார்த்துக்கொண்டிருந்தது.

அவன் கையைத் தட்டி விரட்டினான்.

"ஒரு கொடிக்குக் கீழ முட்டையைப் பார்த்துச்சு. அப்புறம் கொடி கொடியாப் போய்த் தின்ன ஆரம்பிச்சுடுச்சு. தாய்ப்பறவை ரொம்ப நேரம் எழுந்து நின்னா முட்டை வெயில்ல வெந்துடும். அதான் விடியக்காலையில மட்டும் வந்து பிடுங்கினேன். காலிக் குழியில கொடியை விட்டு வச்சிருக்கேன் அண்ணி, அது அங்கேயே தேடிக்கிட்டுக் கிடக்கட்டும்னு. இன்னும் நாலுதான் பாக்கி. அதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க."

அக்கா நோட்டை மூடினாள்.

ஆபீசர் பாதி எழுதிய தாளைப் பார்த்தார். "இதைக் கிழிச்சுப் போட்டுடட்டுமா?"

"கிழிக்காதீங்க சார். பேரை மட்டும் மாத்தி என் பேரை எழுதிக்குங்க" என்று சொல்லிக்கொண்டே, மிச்சமிருந்த நாலு கொடியை நோக்கி அவள் ஓடினாள்.