இத்தாலிக்காரர்களுக்கு மட்டும்

“இத்தாலிக்காரியைக் கண்டா பல்லை இளிக்கிறீங்களே அண்ணே, வெட்கமா இல்ல?”

துனிஸ் அருங்காட்சியக வாசலில் டிக்கெட் கொடுக்கும் சல்வா பொரிந்து தள்ளினாள்.

“நம்ம ஊர் டீச்சரம்மா கேட்டப்ப ஒரு ஸ்டாம்பு சும்மா தரல. அவளுக்கு மட்டும் முழுத் தாளா?”

பக்கத்துக் கடையில் தபால்தலை விற்கும் மொங்கி குனிந்து தாள்களை அடுக்கினான்.

உள்ளே இருக்கும் பழைய மொசைக் ஓவியங்கள்தான் அந்தத் தபால்தலைகளில். அதிகம் விற்பது யுலிசிஸ் படம். கடல் மோகினிகளின் பாட்டில் மயங்கிப் போய்விடாதபடி, தன்னைப் பாய்மரத்தோடு கட்டச் சொன்ன கிரேக்கக் கதை மாலுமி.

“ஸ்டாம்போட ஒரு கவரையும் அவ கையில திணிச்சீங்களே, பார்த்தேன். என்ன அது, கள்ளச் சரக்கா? மேனேஜர்கிட்ட சொல்லட்டுமா?”

மொங்கி சுற்றுமுற்றும் பார்த்தான்.

“கடிதம். ஊருக்குப் போனதும் பலெர்மோவுல தபால்ல போடச் சொன்னேன். எங்கம்மாவுக்கு.”

“உங்கம்மா இங்கதானே இருக்காங்க?”

“ஆமா. ஹாத்தெம் எழுதற மாதிரி.”

அடுக்கி வைத்த தபால்தலைகளையே மறுபடி அடுக்கினான்.

“என் தம்பி. படகுல இத்தாலிக்குப் போனான். போய்ச் சேரல. கூடப் போய்த் தப்பிச்சு வந்தவன் என்கிட்ட மட்டும் சொன்னான். அம்மாகிட்ட நான் எந்த வாயால சொல்ல? இத்தாலி முத்திரை இருந்தா நம்புவாங்க. அதுக்குத்தான் இந்த ஸ்டாம்பு லஞ்சம்.”

யுலிசிஸ் தபால்தலை ஒன்றைக் கையில் எடுத்தான்.

“இந்த மாலுமியைப் பிடிச்சுக் கட்டவாவது நாலு பேர் இருந்தாங்க” என்றான் மொங்கி. பிறகு அவனே பேச்சை மாற்றினான். “ஞாயித்துக்கிழமை கூஸ்கூஸ் சாப்பிட வீட்டுக்கு வா. அம்மா முகத்தைப் பாரு. ஆனா வாய் தவறிடாதே.”

போனாள்.

மொங்கியின் அம்மா கம்ரா, கடிதங்களை மடியில் பரப்பி வைத்துக்கொண்டு சிரித்தாள்.

“பாரு மகளே, என் சின்னவன் எழுதியிருக்கான். மூட்டு வலி எப்படியிருக்கு, மருந்து சாப்பிட்டியான்னு கேக்கறான்!”

மொங்கியின் முகம் மலர்ந்தது. சல்வாவைப் பார்த்துக் கண்ணால் ‘எப்படி?’ என்றான்.

“டேய், டீக்குப் புதினா இல்ல. கடை வரைக்கும் போயிட்டு வாயேன்.”

அவன் போனதும் கதவைச் சாத்திவிட்டு வந்தாள் கம்ரா. சிரிப்பு போயிருந்தது.

“ஹாத்தெம் வெளியூர்ல இருந்தப்பவும் கடிதம் போடுவான். சட்டை வேணும், ஹரிஸ்ஸா காரம் அனுப்பு, பணம் பத்தலன்னு எதையாவது கேட்டுத்தான் எழுதுவான். என் மூட்டு வலியா அவனுக்கு ஞாபகம் இருக்கும்?”

கடிதங்களை மெல்லத் தடவினாள்.

“எதுவுமே கேக்காத கடிதம் இது, மகளே. என் சின்னவன் போய்ட்டான். எழுதறது பெரியவன்.”

சல்வா திகைத்துப் போனாள். “தெரிஞ்சுமா... அவர்கிட்ட சொல்லல?”

வாசலில் மொங்கியின் செருப்புச் சத்தம். கம்ரா அவசரமாகக் கண்ணைத் துடைத்தாள்.

“சொல்லிட்டா அவன் தம்பியைப் புதைச்சாகணுமே. எழுதற வரைக்குமாவது அவனுக்கு ஒரு தம்பி இருக்கட்டும்.”