திறப்பு விழாவுக்கு முன்

சிறுநீரகம் பழுதானவர்களின் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரம் தாலுகா ஆஸ்பத்திரிக்கு வந்து, ஓட்டிப் பார்த்து, ஐந்து மாதமாகிவிட்டது. திறந்து வைக்க மந்திரிக்குத் தேதி ஒழியவில்லை. அதனால் அது பாலிதீன் உறைக்குள், பூட்டிய அறையில் நின்றது. சண்முகக்கனியின் புருஷன் இருளப்பன் அந்த ஆஸ்பத்திரி வாசலில்தான் பஸ் ஏறி, மூன்று மணி நேரம் தள்ளியிருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தான். போன மாதம் அப்படிப் போகும்போது பஸ்ஸிலேயே மூச்சு முட்டிச் செத்துப்போனான். முப்பத்தாறு வயது.

இன்று திறப்பு விழா. சண்முகக்கனியை யாரும் அழைக்கவில்லை. வந்தாள். அறையின் பூட்டைத் திறந்து, கதவின் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். படம் எடுப்பதற்காகக் காலையிலேயே வரவழைத்த நோயாளி, கால் வீங்கிய ஒரு பெண், வராந்தாச் சுவரில் சாய்ந்து இரைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பிள்ளைக்கு ஏன் இன்னும் போடல?"

"மந்திரி வந்துக்கிட்டே இருக்காரும்மா," என்றாள் நர்ஸ்.

"அவரு அஞ்சு மாசமா வந்துக்கிட்டேதான் இருக்காரு. எம் புருஷன் போய்ச் சேந்துட்டாரு."

சண்முகக்கனி ரிப்பனைப் பிடித்து இழுத்தாள், அறுந்து வந்தது. உள்ளே போய் உறையை நகத்தால் கிழித்தாள். "யாரும்மா நீ, வெளிய வா!" என்று கத்தியபடி ஓடிவந்த அதிகாரியை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து கட்டிலில் படுக்கவைத்துவிட்டு, கதவை மறித்து நின்றுகொண்டாள்.

"மாட்டு தாயி," என்றாள், கூடவே உள்ளே வந்துவிட்ட நர்ஸிடம்.

வெளியே வெடிச் சத்தம் கேட்டது. கார்கள் வந்து நின்றன. நர்ஸ் ஒருமுறை அதிகாரியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையுறையை எடுத்தாள்.