சமையலறைக்குக் கீழே மீன்கள்

"போன் பண்ணது நீதானாடா?"

ஊகோ போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. முப்பது வருஷம் ரோம் நகரத்தில் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். தொண்டை மட்டும் ஓய்வு பெறவில்லை.

"நான்தான். அதுக்கென்ன இப்ப?" என்றான் நஸரேனோ.

அவனுடைய சாப்பாட்டுக் கடை வாசலில் சிவப்பும் வெள்ளையுமாக நாடா கட்டியிருந்தது. தொல்பொருள் இலாகா உள்ளே யாரையும் விடவில்லை. அவனோ தெருவோரத்தில் காஸ் அடுப்பை வைத்து, மாட்டு வால் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தான்.

சாக்கடை அடைத்துக்கொண்டதென்று நேற்று சமையலறைத் தரையை உடைத்தார்கள். கீழே கறுப்பு வெள்ளைக் கல் பதித்த இன்னொரு தரை. அது முழுக்க மீன்கள். இரண்டாயிரம் வருஷத்துச் சமாசாரமாம்.

இந்த ஊரில் எங்கே தோண்டினாலும் ஏதாவது ஒரு ராஜா காலத்துச் சுவர் கிளம்பும். விவரமுள்ளவன் உடனே சிமெண்டைக் கொட்டி அதை மூடுவான். கையோடு வாயையும் மூடிக்கொள்வான். இலாகாவுக்குத் தெரிந்தால் பத்து வருஷத்துக்கு அந்தக் கட்டடத்தில் ஓர் ஆணி அடிக்க முடியாது. பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது.

"கொத்தனார் சிமெண்டைக் குழைச்சு வச்சுட்டு நின்னானாமே! அவனைத் தடுத்துட்டுப் போனை எடுத்தியாம். காசு குடுத்து சூனியம் வச்சுக்கிட்டியேடா!"

"மீன் அழகா இருந்துச்சுண்ணே. மூட மனசு வரல."

"அழகு சோறு போடுமா? உன் பொண்டாட்டி பிள்ளைங்க கதி என்ன? அட, என் கதி என்னடா? மாடியில இருந்து இறங்கினா உன் கடை. பதினோரு வருஷமா எனக்கு மத்தியானச் சாப்பாடே இங்கதான். எழுபத்தாறு வயசுல இனிமே நான் வெங்காயம் உரிக்கக் கத்துக்கணுமா?"

நஸரேனோ ஒரு தட்டு நிறையக் குழம்பை ஊற்றி, ரொட்டித் துண்டோடு நீட்டினான்.

"திட்டறதுக்குத் தெம்பு வேணும். சாப்பிட்டுட்டுத் திட்டுங்க."

ஊகோ வாங்கிக்கொண்டார். கோபம் அவன் மேல்தானே, குழம்பு என்ன பாவம் செய்தது? எலும்பை உறிஞ்சிக்கொண்டே விட்ட இடத்திலிருந்து திட்ட ஆரம்பித்தார்.

அப்போது ஒரு கார் வந்து நின்றது. கட்டடத்துக்குச் சொந்தக்காரர் கஸ்தெல்லி இறங்கினார். முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது.

"துரோகி! போன் பண்ற நேரத்துல கை விளங்காமப் போயிருக்கக் கூடாதா உனக்கு?"

"நல்லாக் கேளுங்க சார்!" என்று ஊகோவும் சேர்ந்துகொண்டார்.

கஸ்தெல்லி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"லிஃப்டுக்குப் பள்ளம் தோண்டப்போறதே உன் சமையலறையிலதான்னு படம் போட்டுக் காட்டினேனா இல்லையா? இனி லிஃப்டும் இல்லை, மாடியில டூரிஸ்டுங்க தங்குற ஹோட்டலும் இல்லை! மாடியில இருக்கிற நாலு குடும்பத்தையும் அடுத்த மாசம் காலி பண்ணிட்டு, கீழ்த்தளம் பூரா ரெஸ்டாரண்ட் வச்சு உன் கையிலயே தரேன்னேனேடா!"

ஊகோவின் தட்டு கையிலேயே நின்றது.

நஸரேனோ கரண்டியை ஓங்கிப் பாத்திரத்தில் தட்டினான்.

"மாடியில இவங்க இல்லாத வீட்டுல, கீழே நான் யாருக்குய்யா சமைக்கிறது?"