மிதிக்காத புல்

பெயர்பெற்ற அந்தத் தோட்டத்தின் நட்டநடுவே, பெரிய மரத்தடிப் புல்லில் என் அக்கா மல்லாந்து கிடக்கிறாள். அவள் செருப்புகள் பாதையோரம் சமர்த்தாகக் காத்திருக்கின்றன. சுற்றிலும் ரோஜாக்கள் கொள்ளையாகப் பூத்திருக்க, கேமராக்கள் ஓயாமல் சொடுக்குகின்றன. அவள் ஒரு பூவைக்கூட ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஊரில் ஓர் ஆஸ்பத்திரிக்குத் தோட்டம் அமைக்கும் வேலை எங்களுக்குக் கிடைத்திருக்கிறது. யோசனை தேடித்தான் இத்தனை தூரம் பறந்து வந்திருக்கிறோம். "எழுந்திரு, மானம் போகுது," என்று பல்லைக் கடிக்கிறேன். "ஏண்டி, படுத்த படுக்கையா இருக்கறவங்க நின்னுக்கிட்டா பார்க்கப் போறாங்க?" என்கிறாள். அதற்குள் விசில் ஊதிக்கொண்டே காவலாளி ஓடி வருகிறார். அங்கிருக்கும் பலகையைத் தட்டிக் காட்டுகிறார்: ஒரு பாதம், அதன் குறுக்கே சிவப்புக் கோடு. அக்கா படுத்தபடியே இரண்டு கால்களையும் அந்தரத்தில் தூக்குகிறாள். "மிதிக்கலையே அண்ணா, படுத்துத்தானே இருக்கேன்!" மொழி தெரியாத மனிதர் காலைப் பார்க்கிறார், பலகையைப் பார்க்கிறார், மறுபடியும் காலைப் பார்க்கிறார். மீசைக்குள் சிரிப்பு முட்டுகிறது. அக்கா விரலை மேலே நீட்டுகிறாள். இலைகளின் அடிப்பக்கமெல்லாம் வெயில் ஊறிப் பச்சையாக ஒளிர்கிறது. காற்று வீச, அத்தனை வெளிச்சமும் கலைந்து மீண்டும் கூடுகிறது. நான் செருப்பைக் கழற்றுகிறேன். "கொஞ்சம் தள்ளிப் படு." காவலாளி இரண்டு பக்கமும் நோட்டம் விடுகிறார். விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, குனிந்து, பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கிறார்.