மிஷின் சத்தத்துக்குப் பின்னால்

பாகாயத்துப் பள்ளிக்கூடத்தின் கேட் இன்னும் திறக்கவில்லை. மேகலா சுவரோரம் உட்கார்ந்து, ஒற்றைக் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள்.

போன வருஷம் இதே அரசு வேலைத் தேர்வில், கேள்வித்தாளைக் கையில் வாங்கியதும் எழுத்தெல்லாம் கலங்கிப்போய்விட்டது. பாதியில் எழுந்து வர விடமாட்டார்கள். கடைசி மணி வரை வெறுமனே உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள்.

இந்தத் தடவையும் அப்படி ஆனால் மறுபடி ஆம்பூர் ஷூ கம்பெனியில் சொலுஷன் பசை தடவும் மேசைதான். அந்த நெடி நெஞ்சில் இறங்கி ராத்திரியெல்லாம் இழுக்கிறது. வேறு வேலை பார்த்துக்கொள் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஷிப்ட் முடிந்து வந்து புத்தகத்தின் மேலேயே தூங்கி விழுந்ததெல்லாம் அதற்காகத்தான்.

“அக்கா, பாட்டா கேக்கறீங்க?”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண். அணைக்கட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்ததாகவும் பெயர் சௌமியா என்றும் சற்று முன்புதான் சொல்லியிருந்தாள். ஹால் டிக்கெட்டின் ஓரம் அவள் விரலில் சுருண்டு சுருண்டு நைந்துபோயிருந்தது.

“எனக்கு ஒரே பயமா இருக்குக்கா. அந்த இன்னொண்ணு குடுங்களேன்.”

தொங்கிக்கொண்டிருந்த மற்ற முனையை மேகலா பார்த்தாள். அதை அவள் யாருக்கும் கொடுத்ததில்லை. கொஞ்சம் தயங்கிவிட்டுக் கொடுத்தாள்.

சௌமியா முகம் சுளித்தாள். “இன்னாக்கா இது, ஒரே மிஷின் சத்தமா இருக்கு!”

“பொறு. வரும்.”

வந்தது. தடதடப்புக்குப் பின்னால் ஓர் ஆண் குரல் தனக்குள்ளே ஏதோ மெட்டை முனகியது. இரண்டு அடி. மூன்றாவது தொடங்கும்போதே நின்றுவிட்டது.

சௌமியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “யாருக்கா இந்த சங்கீத வித்வான்?”

“எங்க வீட்டுக்காரரு. சர்ச் கொயர்லயே, நீ வாயை மட்டும் அசைடான்னு சொல்லிட்டாங்க.” மேகலாவும் சிரித்தாள்.

ஆல்வின் அதே கம்பெனியில் மெக்கானிக். தையல் மிஷின் ஏதாவது கோளாறாகச் சத்தம் போட்டால், அதைப் போனில் பதிவுசெய்து மெக்கானிக்குகளின் குரூப்பில் போடுவார்கள். கேட்டுவிட்டு, எங்கே தேய்ந்திருக்கிறது என்று யாராவது சொல்வார்கள். அப்படி ஒன்றை அவன் அவசரத்தில் மனைவிக்கு அனுப்பிவிட்டான். பதிவாகும்போது தான் முனகியது அவனுக்கே தெரிந்திருக்காது.

“கேட்ட பாட்டு மாதிரியே இருக்குக்கா. வாய்க்கு வருது, வரமாட்டேங்குது. இன்னா பாட்டுன்னு அண்ணங்கிட்டயே கேக்கறதுதானே?”

“கேக்கணும்,” என்றாள் மேகலா.

கேட் திறந்தது. போன்களை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

உள்ளே, சௌமியாவுக்கு மேகலாவின் பின் பெஞ்சு விழுந்திருந்தது.

கேள்வித்தாள் வந்தது. எழுத்துகள் கலங்கத் தொடங்கின. மேகலா பேனாவை இறுகப் பிடித்துக்கொண்டு அந்தச் சத்தத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். மிஷின் மட்டும் ஓடியது. குரல் வரவில்லை.

அப்போது பின்னாலிருந்து வந்தது அந்த மெட்டு.

வாயை மூடியபடி, தான் பாடுவதே தெரியாமல் சௌமியா முனகிக்கொண்டிருந்தாள். இரண்டு அடி. எப்போதும் நின்றுபோகும் இடம் வந்தது. நிற்கவில்லை. மூன்றாவது அடிக்குள் போய், மேலேறி, மெல்ல இறங்கி முடிந்தது.

இந்தப் பாட்டா.

அந்தப் பதிவு வந்த அன்று, இது இன்னா பாட்டு என்று சாயங்காலம் அவனைக் கேட்டுக் கிண்டல் பண்ண வேண்டும் என மேகலா நினைத்து வைத்திருந்தாள். வேலை முடிந்து கிளம்பிய ஆல்வினின் பைக் வீடு வந்து சேரவில்லை.

“யாரும்மா அது, பாட்டு?” மேற்பார்வைக்கு நின்ற மேடம் குரலை உயர்த்தினார்.

பின்னால் சத்தம் சட்டென்று அடங்கியது.

“நாந்தான் மேடம்,” என்றாள் மேகலா.

குனிந்து முதல் கேள்வியைப் பார்த்தாள். படிக்க முடிந்தது.